கால் உளைச்சல், மன உளைச்சல்: நாட்பட்ட முதுகுவலியும் மனச்சோர்வும் சேரும் இடம்

உளைச்சல் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க நின்றால் கால் உளைச்சல். வேலை போய்விடுமோ என்று பயந்தால் மன உளைச்சல். கடுப்பும் அப்படித்தான். சிறுநீர் போகும்போதும் வரும், வரிசையில் யாராவது குறுக்கே புகுந்தாலும் வரும். எரிச்சல் வயிற்றிலும் எடுக்கும், ஆள் மேலும் எடுக்கும். குடைச்சல் மூட்டில் இருந்தால் மருந்து தடவலாம். மேலதிகாரியிடமிருந்து வந்தால் அதற்கும் வழியில்லை. தமிழ் பேசுகிறவர்கள் உடம்பு நோவதற்கும் மனசு நோவதற்கும் தனித்தனிச் சொல் தேடி அலையவில்லை. மருத்துவம்தான் இரண்டையும் ரொம்ப நாள் பிரித்து வைத்திருந்தது. முதுகுக்கு ஒரு டாக்டர், மனசுக்கு இன்னொரு டாக்டர், இருவரும் பேசிக்கொள்வது அபூர்வம்.

அந்தப் பிரிவினைக்கான விலையைக் கொடுப்பவர்கள் நாட்பட்ட முதுகுவலிக்காரர்கள். எலும்பு டாக்டர் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பெரிசா ஒண்ணும் இல்லை, டென்ஷன் ஆகாதீங்க" என்கிறார். கேட்பவர் காதில் அது "நீங்க நடிக்கிறீங்க" என்று விழுகிறது. மனநல மருத்துவரிடம் போனால், "இவ்வளவு நாள் வலி இருந்தா சோர்வு வரத்தான் செய்யும்" என்ற பதில் கிடைக்கிறது. இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. விட்டுப்போன பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் முதுகு. உலகத்தில் ஆட்களை அதிகமாக முடக்கிப்போடும் கோளாறு எது என்று கணக்கெடுத்தால் முதலிடத்தில் நிற்பது கீழ்முதுகு வலி. 2020ல் 61.9 கோடிப் பேருக்கு அது இருந்தது என்றும், 2050ல் 84.3 கோடி ஆகும் என்றும் உலக நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும். 3 மாதம் தாண்டியும் விடாமல் நிற்பதைத்தான் நாட்பட்ட வலி என்கிறார்கள். கீழ்முதுகு வலியோடு வருகிறவர்களில் சுமார் 90 சதவீதம் பேருக்கு, இதோ இதுதான் காரணம் என்று ஒரு எலும்பையோ ஜவ்வையோ நரம்பையோ கைகாட்ட முடிவதில்லை.

"ஆனா என் ஸ்கேன்ல ஜவ்வு பிதுங்கியிருக்குன்னு எழுதியிருக்கே?" எழுதியிருக்கும்தான். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வு 2015ல் வந்தது. வலி இல்லாத 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு ஜவ்வில் தேய்மானம் இருந்தது. 80 வயதில் அது 96 சதவீதம். ஜவ்வுப் பிதுக்கம் 20 வயதில் 30 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். முடி நரைப்பதைப் போல முதுகெலும்பும் உள்ளே நரைக்கிறது. இதை வைத்து ஸ்கேனே வீண் என்று சொல்லிவிட முடியாது. நரம்பு அழுத்தப்பட்டுக் காலில் வலி இறங்கும்போதும், கட்டி, தொற்று என்று சந்தேகம் வரும்போதும் அது இல்லாமல் முடியாது. ஆனால் படத்தில் தெரிவதும் ஆள் படும் பாடும் பல நேரம் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை.

தேய்மானம் என்ற சொல்லே பாதிக் கெடுதலைச் செய்துவிடுகிறது என்பது என் எண்ணம். கேட்டவுடன் டயர் ஞாபகம்தான் வருகிறது. ஓட ஓடத் தேயும், ஒருநாள் வெடிக்கும். அப்புறம் ஒவ்வொரு முறை குனியும்போதும் மிச்சமிருப்பதும் தேய்வதாகத் தோன்றும். அந்தத் தோற்றம் முதுகை என்ன செய்கிறது என்பதற்குக் கொஞ்சம் கழித்து வருவோம்.

வலி என்றால் என்ன என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 1979ல் ஒரு வரையறை எழுதியது. 2020ல் அதைத் திருத்தியது. இரண்டிலும் ஒன்று மாறவில்லை. வலி என்பது புலனும் உணர்ச்சியும் சேர்ந்த ஓர் இனிமையற்ற அனுபவம். புலன் முதலில் வந்து, உணர்ச்சி பின்னால் ஒட்டிக்கொள்கிறது என்று அதில் இல்லை. இரண்டும் சேர்ந்துதான் வலி.

இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியுமா? இயற்கையே சில முறை பிரித்துக் காட்டியிருக்கிறது. 1928ல் ஷில்டர், ஸ்டெங்கல் என்ற இரண்டு மருத்துவர்கள், மூளையில் அடிபட்ட சிலரைப் பற்றி எழுதினார்கள். ஊசியால் குத்தினால் குத்துவது தெரிகிறது, வலி என்றும் சொல்கிறார்கள். ஆனால் கையை இழுத்துக்கொள்வதில்லை. சிலர் சிரிக்கவும் செய்தார்கள். வலி இருக்கிறது, அதன் கொடுமை இல்லை. 1997ல் ரெயின்வில் குழுவினர் இதையே சோதனைக்கூடத்தில் வேறு விதமாகக் காட்டினார்கள். மனவசியத்தில் இருப்பவர்களின் கையைச் சுடுநீரில் வைத்து, இது ரொம்பக் கொடுமையாக இருக்கிறது என்றும், அவ்வளவு கொடுமையில்லை என்றும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். சூடு மாறவில்லை. புலனைப் பதிவு செய்யும் மூளைப் புறணியிலும் பெரிய மாற்றமில்லை. சங்கடத்தைப் பதிவு செய்யும் இன்னொரு பகுதியின் இயக்கம் மட்டும் சொன்ன சொல்லுக்குத் தகுந்தபடி ஏறி இறங்கியது.

ஏன் அப்படி ஏறி இறங்க முடிகிறது என்பதற்கான அடித்தளத்தை 1965லேயே ரொனால்ட் மெல்ஸாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு வலி ஆய்வாளர்கள் போட்டுவிட்டார்கள். தண்டுவடத்தில் ஒரு கதவு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கீழிருந்து வரும் சேதி அந்தக் கதவைத் தாண்டித்தான் மேலே போகும். கதவை எவ்வளவு திறப்பது என்பதில் மேலே இருக்கும் மூளைக்கும் பங்கு உண்டு. அவர்கள் சொன்ன விவரங்கள் பின்னால் நிறைய மாறின. ஆனால் மூளைத்தண்டிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வந்து வலியைத் தணிக்கவோ கூட்டவோ செய்யும் பாதைகள் இருப்பது உறுதியானது. அந்தப் பாதைகளில் வேலை செய்யும் ரசாயனங்களில் முக்கியமான இரண்டு செரட்டோனின், நாரட்ரினலின். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகள் பலவும் கை வைப்பது இதே இரண்டின் மேல்தான். செரட்டோனின் குறைந்ததால்தான் மனச்சோர்வு என்ற பழைய எளிய கதை இப்போது நிற்பதில்லை. அதை இங்கே இழுக்க வேண்டாம். வலியும் மனநிலையும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கின்றன என்பது மட்டும் நமக்குப் போதும்.

சரி, வந்த வலி சிலருக்குப் போகிறது, சிலரிடம் தங்கிவிடுகிறது. ஏன்? இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி அமெரிக்காவில் வான்யா ஆப்காரியன் குழுவினர் செய்தது. புதிதாக முதுகுவலி வந்தவர்களை ஒரு வருடம் பின்தொடர்ந்து மூளையைப் படம் பிடித்துக்கொண்டே வந்தார்கள். 2012ல் வெளியான முடிவு: யாருக்கு வலி தங்கும் என்பதை ஆரம்பத்திலேயே ஓரளவு சொல்லிவிட்டது முதுகின் படமல்ல, மூளையின் இரண்டு பகுதிகளுக்கு நடுவே இருந்த நெருக்கம். ஒன்று முன்மூளையின் உட்பகுதி, இன்னொன்று நியூக்ளியஸ் அக்கம்பன்ஸ் என்ற சிறு பகுதி. எது ஆசைப்படத்தக்கது, எது ஒதுங்கத்தக்கது என்று கற்றுக்கொள்வதில் இந்த இரண்டுக்கும் பெரிய பங்கு உண்டு. 2013ல் அதே குழு இன்னொன்றைச் சொன்னது. வலி புதிதாக இருந்தபோது, வழக்கமாக வலிக்குத் துடிக்கும் மூளைப் பகுதிகளே துடித்தன. மாதங்கள் போய் வலி தங்கிவிட்டவர்களிடம் அந்த இயக்கம் மெல்ல உணர்ச்சி சார்ந்த சுற்றுகளுக்கு இடம் மாறியிருந்தது. கேட்டால் அவர் சொல்வது அதே "முதுகு வலிக்குது"தான். உள்ளே அது வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டது.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் எல்லாம் மனப்பிரமை என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. உணர்ச்சிச் சுற்றும் நரம்பணுக்களால் ஆனதுதான். அதில் எழும் வலி எந்த விதத்திலும் போலி வலி அல்ல.

இப்போது மனச்சோர்வு. மனச்சோர்வோடு வருகிறவர்களில் சராசரியாக 65 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு உடல் வலியும் இருப்பதாக 2003ல் வந்த ஒரு பெரிய மதிப்பாய்வு சொன்னது. எது முதலில் என்று கேட்பது வழக்கம். மூட்டு, முதுகு வலியோடு சாதாரண மருத்துவமனைக்கு வந்த 500 பேரை 12 மாதம் கவனித்து 2011ல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு பக்கமும் போக்குவரத்து இருந்தது. வலி கூடினால் பின்னாலேயே சோர்வு கூடியது. சோர்வு கூடினால் பின்னாலேயே வலி கூடியது. தூக்கம் நடுவில் நின்று இரண்டையும் ஊதிவிடுகிறது. வலியால் தூக்கம் கெடும் என்பது தெரிந்த கதை. தூக்கம் கெட்ட ராத்திரிக்கு மறுநாள் வலி கூடும் என்ற எதிர்த்திசைக்குத்தான் ஆதாரம் இன்னும் வலுவாக இருக்கிறது.

ஆனால் மனச்சோர்வு வலியிலிருந்து நேராக வருவதில்லை. வலி எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போகிறதோ அதிலிருந்துதான் வருகிறது. குழந்தை ஓடிவந்து கையை நீட்டுகிறது. "அப்புறம் தூக்குறேன்டா." நாலு தடவை கேட்ட குழந்தை ஐந்தாவது தடவை அம்மாவிடம் ஓடுகிறது. நண்பர்கள் கூப்பிட்டபோது உட்கார முடியாதே என்று போகவில்லை. அப்புறம் அவர்கள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். வேலையில் முன்பு தானாக வந்த பொறுப்புகள் வேறு ஆளிடம் போகின்றன. ஒவ்வொன்றும் சின்னது. ஆனால் ஒரு மனிதருக்குத் தன்னைப் பற்றி நல்லபடியாக நினைக்கக் காரணமாக இருந்தவை இவைதான்.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு, பலர் கவனிப்பதில்லை. மனச்சோர்வை அளக்க மருத்துவமனைகளில் அதிகம் பயன்படும் ஒரு படிவத்தில் 9 கேள்விகள். தூக்கம், களைப்பு, பசி, கவனம், அசைவில் மந்தம் என்று பாதிக்கு மேல் உடம்பைப் பற்றியவை. நாட்பட்ட முதுகுவலிக்காரர் மனச்சோர்வே இல்லாமலும் இதில் அதிக மதிப்பெண் வாங்கிவிடலாம். மனச்சோர்வு நிஜமாகவே இருப்பவர் "எல்லாம் இந்த முதுகாலதான்" என்று சொல்லித் தப்பிவிடவும் செய்யலாம். அதனால் மீதிக் கேள்விகளைத்தான் நான் கூர்ந்து பார்ப்பேன். முன்பு பிடித்த விஷயம் இப்போதும் பிடிக்கிறதா? நான் எதற்கும் உதவாதவன் என்று தோன்றுகிறதா? உயிரோடு இருக்க வேண்டாம் என்று நினைப்பு வருகிறதா? இந்தக் கடைசிக்கு ஆமாம் என்றால் முதுகு சரியாகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே யாரிடமாவது சொல்ல வேண்டும், மருத்துவரைப் பார்க்க வேண்டும். நாட்பட்ட வலி உள்ளவர்களிடம் தற்கொலை எண்ணம் மற்றவர்களைவிடக் கூடுதல்.

அடக்குவதும் கையாள்வதும்

ஒரே மாதிரி ஸ்கேன், ஒரே அளவு வலி, ஒரே மாதிரி வேலை. ஒருவர் எப்படியோ சமாளித்துக்கொண்டு போகிறார், இன்னொருவர் இரண்டு வருடத்தில் ஒடுங்கிப்போகிறார். இந்த வித்தியாசத்தின் ஒரு பகுதியாவது, எழும் உணர்ச்சியை ஆள் என்ன செய்கிறார் என்பதில் இருக்கிறது. இதை உணர்ச்சிக் கட்டுப்பாடு என்று பல இடங்களில் மொழிபெயர்க்கிறார்கள். இந்தச் சொல்லோடு எனக்குச் சண்டை. கட்டுப்பாடு என்றதும் நமக்குத் தோன்றுவது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போவது, கண்ணீரை உள்ளே தள்ளுவது. ஆய்வாளர்கள் சொல்வது ஏறக்குறைய இதற்கு நேர்மாறு. வந்திருப்பது கோபமா, பயமா, துக்கமா என்று இனம் காணத் தெரிவது. தாங்கும் அளவுக்கு அதன் சூட்டைத் தணிப்பது. தேவைப்பட்டால் அதைச் சொல்லிவிடுவது. நான் கையாளுதல் என்றே எழுதுகிறேன்.

1998ல் ஜேம்ஸ் கிராஸ் என்ற உளவியலாளர் இதற்கு ஒரு கால வரிசை கொடுத்தார். உணர்ச்சி எழும் முன்பே சூழ்நிலையைத் தேர்ந்தெடுக்கலாம், மாற்றலாம். கவனத்தை வேறு பக்கம் திருப்பலாம். நடந்ததற்கு வேறு அர்த்தம் கொடுத்துப் பார்க்கலாம். எல்லாம் கைமீறி உணர்ச்சி முழுசாக எழுந்துவிட்டால் கடைசியில் முகத்தை இறுக்கி அடக்கலாம். இந்தக் கடைசி வழிக்குத்தான் செலவு அதிகம். அருவருப்பான படத்தைக் காட்டி, முகத்தில் எதுவும் தெரியக் கூடாது என்று சொல்லிப் பார்த்த சோதனைகளில் முகம் அடங்கியது, உள்ளே உடம்பின் பதற்றம் கூடியது.

இது முதுகுக்கு எப்படி வந்து சேர்கிறது? 1985ல் ஹெர்டா ஃப்ளோர் குழுவினர் நாட்பட்ட முதுகுவலிக்காரர்களின் தசைகளில் மின்முனைகளை ஒட்டிவைத்துப் பேச்சுக் கொடுத்தார்கள். தங்கள் சொந்த வாழ்க்கையின் கஷ்டத்தைப் பற்றிப் பேசும்போது அவர்களின் முதுகெலும்பை ஒட்டிய தசைகள் இறுகின. பேச்சு முடிந்த பிறகும் தளர நேரம் எடுத்தது. வேறு இடத்தில் வலி உள்ளவர்களிடமும், வலியே இல்லாதவர்களிடமும் முதுகுத் தசை இப்படிச் செய்யவில்லை. சிலருக்குத் தலைவலி, சிலருக்கு வயிறு, இவர்களுக்கு மனசு இறுகினால் முதுகு இறுகுகிறது.

கோபத்தைப் பற்றிய சோதனை இன்னும் சுவாரசியமானது. ஜான் பர்ன்ஸ் குழுவினர் 2008ல் வெளியிட்டது. கீழ்முதுகு வலி உள்ளவர்களைக் கணினியில் ஒரு சிக்கலான பாதையைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். பக்கத்தில் உதவிக்கு ஒரு ஆள். அந்த ஆள் ஆய்வாளர்கள் செட்டப் செய்தவர். வேண்டுமென்றே நக்கலடிக்கிறார், குத்திக் காட்டுகிறார். பாதிப் பேருக்கு, கோபம் வந்தாலும் காட்டக் கூடாது, உள்ளே வைத்துக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே உத்தரவு. பிறகு எல்லோரையும் உட்கார, எழ, குனிய, நடக்கச் சொன்னார்கள். கோபத்தை விழுங்கியவர்கள் அதிக வலி என்றார்கள். முகம் சுளிப்பதும் பெருமூச்சு விடுவதும் அவர்களிடம்தான் கூடுதல். ஒரு நினைப்பை அடக்கினால் அது இன்னும் வலுவாகத் திரும்பும் என்பது 1987ல் டேனியல் வெக்னர் வெள்ளைக் கரடிச் சோதனையில் காட்டியது. கரடியை நினைக்காதே என்றால் கரடிதான் வரும். விழுங்கிய கோபம், குனியும்போது முதுகில் தட்டுப்படுகிறது.

அப்படியானால் கோபம் வந்ததும் கத்திவிடலாமா? கத்துவதும் கையாளுதல் இல்லை. நாட்பட்ட வலி உள்ளவர் வீட்டில் சாயங்காலம் நடப்பதைக் கவனித்திருப்பீர்கள். நாள் முழுக்க அலுவலகத்தில் சிரித்த முகமாக இருந்தவர், வீட்டில் ஒரு டம்ளர் கீழே விழுந்த சத்தத்துக்கு வெடிக்கிறார். வலி என்பது கவனத்தை இடைவிடாமல் பிடித்து இழுக்கும் ஒன்று. அதைத் தள்ளிவைத்துக்கொண்டே வேலை பார்ப்பதில் காலையிலிருந்து இருப்பெல்லாம் செலவாகிவிட்டது. ராத்திரி குற்ற உணர்ச்சி, நான் ஏன் இப்படி ஆகிவிட்டேன் என்ற யோசனை, தூக்கம் போகிறது. நான் மேலே சொன்ன இருவழிப் போக்குவரத்து நடக்கும் தெரு இதுதான். இதைக் குணக்கேடு என்று எடுத்துக்கொண்டால் அவருக்கும் பயனில்லை, வீட்டுக்கும் பயனில்லை.

பயத்தைக் கையாள்வதில் நடக்கும் தவறு இன்னும் நுணுக்கமானது, வெளியே புத்திசாலித்தனம் போலவே தெரியும். காலையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சாக்ஸ் போடப் போகும் ஒருவரைப் பாருங்கள். குனியும் முன்பே மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். வயிறு பலகை மாதிரி இறுகுகிறது. ஒரு கை மெத்தையை அழுத்துகிறது. இரண்டு வருடத்துக்கு முன் இப்படி ஒரு காலையில்தான் "பிடித்துக்கொண்டது". ஸ்கேன் தாளில் இருந்த தேய்மானம் என்ற சொல் ஞாபகம் வருகிறது. இன்னும் எதுவும் நடக்கவில்லை. ஆனால் உடம்பு அடியை வாங்கத் தயாராகிவிட்டது. முன்பக்கமும் பின்பக்கமும் தசைகள் இறுகிய நிலையில் குனிந்தால் வலிக்கத்தான் செய்யும். வலித்தது. பார்த்தாயா, குனியக் கூடாது என்றது சரிதான் என்று மூளை குறித்துக்கொள்கிறது. மறுநாள் சாக்ஸ் தேவைப்படாத செருப்பு. அன்றைக்கு நிம்மதி. அப்புறம் கீழே விழுந்த சாவியை வேறு யாராவது எடுக்க வேண்டும், அப்புறம் நீண்ட பயணம் கிடையாது. ஃப்லாயன், லின்டன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2000ல் இந்தச் சுழலை விரித்து எழுதினார்கள்: வலி, அதைப் பற்றிய பயங்கரமான அர்த்தம், பயம், ஒதுங்குதல், உடல் பலவீனம், மனச்சோர்வு, அதனால் இன்னும் வலி. அர்த்தம் பயங்கரமாக இல்லாதவருக்கு இந்தச் சுழலே தொடங்குவதில்லை. வலியோடு மெல்ல நடமாடிக் குணமாகிவிடுகிறார்.

அந்தப் பயங்கர அர்த்தத்தை அளக்க 1995ல் 13 வாக்கியங்கள் கொண்ட ஒரு அளவுகோல் வந்தது. வலியையே சுற்றிச் சுற்றி நினைப்பது, அதைப் பெரிதாக்குவது, என்னால் எதுவும் ஆகாது என்று கைவிடுவது ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன. பேரழிவு என்ற சொல்லிலிருந்து அந்தப் போக்குக்குப் பெயர் வைத்தார்கள். தாங்கள் ஊதிப் பெரிதாக்குகிறவர்கள் என்று பழிக்கப்படுவதாக நோயாளிகள் பலர் வருத்தப்பட்டார்கள். பெயரை மாற்றலாமா என்ற பேச்சு ஆய்வாளர்களிடமும் நடக்கிறது, மாற்றினால் நல்லது. பெயர் எப்படியோ, விஷயம் முக்கியமானது. படுக்கையில் புரண்டுகொண்டு, இது ஏன் எனக்கு வந்தது, இனி என்ன ஆகும், வேலை என்ன ஆகும் என்று அரைத்த மாவையே அரைப்பது மனச்சோர்விலும் நடக்கிறது, நாட்பட்ட வலியிலும் நடக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் பொதுவான சக்கரம் இதுதான் என்று அதே ஸ்டீவன் லின்டன் 2011ல் வாதிட்டார். அரைப்பவருக்கு அது பிரச்சினையைத் தீர்க்கும் முயற்சியாகத்தான் தெரிகிறது. யோசித்தால் வழி கிடைக்கும் என்றே யோசிக்கிறார். முதுகுவலி யோசித்துத் தீர்க்கும் கணக்கு இல்லை என்பதால் யோசனை நின்றபாடில்லை.

என்ன செய்ய முடியும்

மருந்தில் தொடங்கினால், மனச்சோர்வுக்கான டுலாக்ஸெட்டின் மாத்திரைக்கு 2010ல் அமெரிக்காவில் நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கும் அனுமதி கிடைத்தது. அதற்கான முதுகுவலிச் சோதனைகளில் மனச்சோர்வு உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. அதாவது மனசு சரியானதால் முதுகு சரியானது என்று சொல்ல இடமில்லை. அந்த மாத்திரை வலிப்பாதையிலேயே வேலை செய்கிறது. ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். இந்த வகை மாத்திரைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்த 2021ம் ஆண்டு மதிப்பாய்வில், 100க்கு சுமார் 5 புள்ளிதான் முதுகுவலி குறைந்தது. சிலருக்கு அதற்கு மேல் பலன் உண்டு, சிலருக்குக் குமட்டல் மட்டும் மிச்சம். யாருக்குத் தருவது, எப்படி நிறுத்துவது என்பதெல்லாம் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது; திடீரென்று நிறுத்தக் கூடாத மாத்திரை இது.

உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சி, நோயைப் பற்றிப் புரியவைப்பது, நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றக் கற்றுத்தரும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை முதலான உளவியல் சிகிச்சைகளைப் பரிந்துரைத்தது. இடுப்பு பெல்ட், முதுகை இழுத்துவைக்கும் டிராக்‌ஷன், அபின் வகையைச் சேர்ந்த ஓபியாய்டு வலி மாத்திரை வழக்கமாக வேண்டாம் என்றது. பெல்ட்டைக் கழற்றச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. பெல்ட் கட்டினால் தெம்பாக இருப்பது உண்மைதான். அந்தத் தெம்பு பெல்ட்டிடமே இருந்துவிடுவதுதான் சிக்கல்.

உளவியல் பக்கம் 342 பேரிடம் நடந்து 2016ல் வெளியான சோதனையில், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் விழிப்புணர்வுத் தியானமும் ஏறக்குறைய சமமாக உதவின. 26 வாரங்களில் அன்றாட வேலைகளில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் அந்த இரண்டு குழுவிலும் 60 சதவீதத்தை ஒட்டி. வழக்கமான சிகிச்சையில் மட்டும் இருந்தவர்களில் 44 சதவீதம். 44ம் சின்ன எண் இல்லை என்பதையும் கவனியுங்கள். அமெரிக்காவில் 151 பேரிடம் நடந்து 2022ல் இதழில் வெளியான இன்னொரு சோதனை பெரிய பேச்சானது. இந்த வலி முதுகு சேதமாவதன் அறிகுறி இல்லை, மூளை கற்றுக்கொண்ட ஒரு பொய் அபாய மணி என்று நான்கு வாரம் உட்கார்ந்து கற்பித்த குழுவில் 66 சதவீதம் பேர் வலி இல்லை அல்லது ஏறக்குறைய இல்லை என்றார்கள். போலி ஊசிக் குழுவில் 20, வழக்கமான சிகிச்சையில் 10. கேட்க மாயம் போல இருக்கிறது. சேர்ந்தவர்கள் பெரும்பாலும் மிதமான வலி உள்ளவர்கள், நன்றாகப் படித்தவர்கள், சோதனை நடந்தது ஒரே இடத்தில். வேறு இடங்களிலும் இதே பலன் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் கொண்டாடுவேன்.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது 2023ல் வந்த ஆஸ்திரேலியச் சோதனை. 492 பேர், சிகிச்சை கொடுத்தவர்கள் பிசியோதெரபிஸ்ட்கள். மனசுக்குத் தனி அறை, முதுகுக்குத் தனி அறை என்று வைத்துக்கொள்ளாமல், பயப்படும் அதே அசைவை அங்கேயே செய்ய வைத்தார்கள். மூச்சை விடுங்கள், வயிற்றைத் தளர்த்துங்கள், இப்போது குனியுங்கள், என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள், என்ன நடந்தது என்று கேட்டார்கள். ஒரு வருடத்துக்குப் பிறகும் பலன் நின்றது. உணர்ச்சியைக் கையாளும் திறனையே நேரடியாகக் கற்றுத்தரும் குழு வகுப்புகளை இணையம் வழியே நடத்திப் பார்த்த சிறிய சோதனை ஒன்றும் ஆஸ்திரேலியாவிலிருந்து 2025ல் வெளியானது. முதலில் உணர்ச்சிப் பக்கம் தெளிந்தது, வலி அதற்குப் பின்னால் மெல்ல இறங்கியது. 100 பேருக்கும் குறைவானவர்களிடம் நடந்தது என்பதால் அதை ஒரு தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு எந்த முதுகுவலியையும் உணர்ச்சி என்று தள்ளிவிடாதீர்கள். சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடில்லாமல் போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது, உட்காரும் இடத்தில் மரத்துப்போவது, கால் பலமிழந்துகொண்டே போவது என்றால் உடனே மருத்துவமனை. காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமில்லாத எடை இழப்பு, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் முதுகுவலி, பெரிய அடிபட்ட பிறகு வரும் வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது.

கடைசியாக, கூட இருப்பவர்கள். இரண்டு விதத் தவறு நடக்கும். "எல்லாம் உன் மனசுதான்" என்பது ஒன்று. "நீ அசையாதே, நான் எடுத்துத் தர்றேன்" என்று எல்லாவற்றையும் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வது இன்னொன்று. முதலாவது பேச்சை நிறுத்துகிறது, இரண்டாவது அசைவை நிறுத்துகிறது. முதுகுவலி இருந்த செவிலியர்களிடம் செய்த ஒரு சோதனை 2012ல் வெளியானது. ஒரு பகுதியினரிடம், நீங்கள் சொல்வது புரிகிறது, அப்படித் தோன்றுவது இயல்புதான் என்ற தொனியில் பேட்டி எடுத்தார்கள்; இன்னொரு பகுதியினரிடம் அந்த அனுசரணை இல்லாமல். மருந்தோ பயிற்சியோ எதுவும் தரவில்லை. அனுசரணையாகக் கேட்கப்பட்டவர்கள் கூடுதல் திருப்தியோடு எழுந்தார்கள். வலிக்குக் கொடுத்த மதிப்பெண்ணும் இறங்கியிருந்தது. எனவே வலி எத்தனை என்று தினமும் அளவெடுப்பதைவிட, இன்றைக்கு நாள் எப்படிப் போச்சு என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கலாம். சாக்ஸை அவரே போட்டுக்கொள்ளட்டும், பத்து நிமிஷம் ஆனாலும்.